அடிபட்ட காரின் உடற்கூறு

பழைய கார் சந்தையில் 'ஆக்சிடென்ட் வண்டி' என்ற ஒரே பெயரை இரண்டு விதமான கார்கள் சுமக்கின்றன. வீட்டு கேட்டில் உரசிக் கதவு மாற்றிய காரும் ஆக்சிடென்ட் வண்டிதான். லாரியின் பின்புறத்தில் மோதி ஏர்பேக் விரிந்த காரும் ஆக்சிடென்ட் வண்டிதான். முன்னதை நல்ல விலைக்குத் தயங்காமல் வாங்கலாம். பின்னதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவது நல்லது. இரண்டையும் பிரித்தறிய, மோதலின் விசை காரின் உடலுக்குள் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. தரைத்தகடு, கூரை, பில்லர்கள், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, இன்ஜினின் இருபுறமும் முன்னோக்கி நீளும் இரும்புக் கால்கள், சஸ்பென்ஷனைத் தாங்கும் ஏப்ரன் எல்லாம் ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளால் ஒட்டப்பட்டு ஒரே கூடாக நிற்கின்றன. இந்த அமைப்புக்கு மோனோகாக் என்று பெயர். பொலேரோ, ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா போன்றவை மட்டும் ஏணி வடிவச் சேஸின் மேல் உடலை ஏற்றி வைத்த வண்டிகள். மோனோகாக் காரில் பானெட், முன் ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி, பம்பர் ஆகியவை போல்ட்டும் கிளிப்பும் போட்டு மாட்டப்பட்டவை. ஸ்பேனர் பிடித்துக் கழற்றிப் புதிதாகப் பொருத்தினால் காரின் வலிமையில் எதுவும் குறையாது. பின் சக்கரத்துக்கு மேலுள்ள குவார்ட்டர் பேனல் வெளியிலிருந்து பார்க்க ஃபெண்டர் போலவே இருந்தாலும் கூட்டோடு வெல்டு செய்யப்பட்டது. அதை மாற்ற வேண்டுமானால் உடலை அறுத்தாக வேண்டும்.

மோதும்போது காரின் முன்பகுதியும் பின்பகுதியும் மடிந்து நசுங்கி விசையை விழுங்க வேண்டும், ஆட்கள் இருக்கும் நடுக்கூடு மட்டும் உருக்குலையாமல் நிற்க வேண்டும் என்பது பேலா பாரேனி என்ற பொறியாளரின் சிந்தனை. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் அவர் பணியாற்றியபோது 1950களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1959இல் அந்நிறுவனத்தின் கார்களில் இது நடைமுறைக்கு வந்தது. இன்று எல்லாக் கார்களும் இந்த வழியில்தான் வடிவமைக்கப்படுகின்றன. மடியும் பகுதி ஒருமுறைதான் சரியாக மடியும். வளைந்த இரும்பை இழுத்து நிமிர்த்தினால் பார்வைக்குப் பழைய வடிவம் வந்துவிடும். ஆனால் வளைந்த இடத்தில் உலோகம் இறுகி, சில இடங்களில் நுண்ணிய வெடிப்பும் கண்டிருக்கும். அடுத்த மோதலில் அது எங்கே மடியும், எவ்வளவு விசையை நடுக்கூட்டுக்குக் கடத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுக்கூட்டின் நிலைமை இன்னும் கடுமை. புதிய கார்களின் பில்லர்களில் போரான் கலந்த எஃகு பயன்படுகிறது. அதை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அச்சில் அழுத்தியபடியே சட்டென்று குளிர்விக்கிறார்கள். அந்தக் குளிர்விப்பில்தான் 1,500 மெகாபாஸ்கல் அளவுக்கு வலிமை ஏறுகிறது. டிங்கரிங் பட்டறையில் கேஸ் டார்ச் பிடித்துச் சூடேற்றி நிமிர்த்தினால் அந்த வலிமை கரைந்துபோகும். முழுத் துண்டையும் தயாரிப்பாளர் சொன்ன முறையில் மாற்றினால் மட்டுமே பழைய பாதுகாப்பு திரும்பும். பில்லரிலோ கூரையிலோ வேலை நடந்த கார் வேண்டாம் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஒரே வார்த்தையில் சொல்வது இதனால்தான்.

சோதனைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், கழுவித் துடைத்த கார் வேண்டும். முதலில் கதவு, பானெட், டிக்கி ஓரங்களின் இடைவெளியை இடமும் வலமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருபுறம் ஒடுங்கி மறுபுறம் அகன்றிருந்தால் விசை உள்ளே போயிருக்க வாய்ப்புண்டு. பானெட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைப் பார்த்தால், பெயிண்ட் உடைந்திருப்பதே ஸ்பேனர் பட்டதற்குச் சாட்சி. அடுத்து, ஏப்ரனிலும் கதவு ரப்பரை விலக்கிய இடத்திலும் வெல்டுப் புள்ளிகளைத் தேட வேண்டும். தொழிற்சாலைப் புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்டக் குழிகளாகத் தெரியும். பட்டறை வெல்டு மேடு பள்ளமாக இருக்கும், அல்லது பட்டி பூசி மறைக்கப்பட்டிருக்கும்.

பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி இந்த வேலையில் பெரிய துணை. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200, 300 என்று காட்டினால் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 500ஐத் தாண்டி ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி இருக்கிறது. கதவில் இந்த எண் உயர்ந்திருந்தால் விலை பேச ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். பில்லரிலும் கூரையிலும் உயர்ந்திருந்தால் ஏன் என்ற கேள்விக்கு விற்பவர் ஆவணத்தோடு பதில் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது.

காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் சோதனை முடியாது. ரன்னிங் போர்டின் அடியில் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு இருக்கிறது. உடலை இழுத்து நிமிர்த்தும் இயந்திரம் அந்த விளிம்பைத்தான் கவ்விப் பிடிக்கும். பல் பதிந்த தழும்பு அங்கே தங்கிவிடும். மேலே எவ்வளவு பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தாலும் இந்தத் தழும்பை அழிக்கப் பலரும் மெனக்கெடுவதில்லை. முன் கால்களில் சுருக்கமோ புதிய கறுப்பு அண்டர்கோட்டோ ஒரு பக்கம் மட்டும் தெரிந்தாலும் எச்சரிக்கைதான்.

ஏர்பேக் விரிந்த காரில் பையோடு சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறியையும், பல மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். செலவுக்கு அஞ்சி மேல்மூடியை மட்டும் ஒட்டி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், அல்லது வேறொரு விளக்கோடு சேர்ந்தே எரிந்து அணைந்தால், யாரோ கை வைத்திருக்கலாம். ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பது இன்னும் உறுதியான வழி. ஆட்களின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் நடுவில் நிற்கிறதா, பிரேக் பிடித்தால் ஒருபக்கம் இழுக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் கடையில் எடுக்கும் அச்சுத்தாள் இதைவிடத் தெளிவாகப் பேசும். சரிசெய்ய முயன்றும் ஒரு சக்கரத்தின் கோணம் அளவுக்குள் வர மறுத்தால் சஸ்பென்ஷனோ ஏப்ரனோ இடம் பெயர்ந்திருக்கலாம்.

இந்தியாவில் காப்பீட்டுக் கணக்கும் ஒரு தடயம் தருகிறது. பழுதுபார்க்கும் செலவு ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கார் 'டோட்டல் லாஸ்'. ஐடிவி வயதோடு இறங்கும்: ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை 20 சதவீதக் கழிவு, நான்கிலிருந்து ஐந்து வயதுவரை 50 சதவீதம். 10 லட்ச ரூபாய்க் கார் ஒன்றரை வயதில் 6 லட்ச ரூபாய்ச் சேதம்வரை பழுதுபார்க்கப்பட்டுச் சாலைக்குத் திரும்பலாம். நான்கரை வயதில் 3.75 லட்சத்தைத் தாண்டினாலே டோட்டல் லாஸ். எனவே அதிகம் ஓடாத, வயது குறைந்த கார் விபத்துக்குப் பின் விற்பனைக்கு வந்தால் அதைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவில் டோட்டல் லாஸ் ஆன கார்களின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று குறிப்பார்கள். இந்திய ஆர்சியில் அப்படி ஓர் இடம் இல்லை. நொறுங்கிய வண்டியைக் கழிவாக வாங்கிச் சீரமைத்து விற்பவர்கள் உண்டு. அதன் அடையாளத்தைத் திருட்டு வண்டிக்குச் சூட்டும் மோசடியும் நடக்கிறது. தகட்டில் பொறித்த சேஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிட்டு, அதைச் சுற்றி வெல்டு இருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பது அவசியம்.

ஒரே உரிமையாளரிடம் இருந்த காரானால் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸைப் பார்க்கலாம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு ஏற்ப அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஆறு வயதுக் காரில் சுழியோ 20ஓ இருந்தால் அண்மையில் இழப்பீடு வாங்கியிருக்கக்கூடும். ஆனால் போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசிகளும், கைக்காசில் செய்த பழுதும் இந்தத் தடயத்தை மறைத்துவிடும். எல்லாவற்றிலும் நம்பகமானவை காப்பீட்டுச் சர்வேயரின் அறிக்கையும் பட்டறை பில்லும். எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று அவற்றில் வரிவரியாக இருக்கும். அவற்றைத் தானே எடுத்துக் காட்டும் விற்பனையாளரிடம், ஃபெண்டரும் ரேடியேட்டரும் மாற்றிய காரை விலை குறைத்து வாங்குவதில் தவறில்லை.

விலை படிந்தபின் காப்பீடு பாக்கி. உரிமை மாறியதும் மூன்றாம் நபர் காப்பீடு புதியவருக்குத் தானாக வந்து சேரும். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போனஸ் பழைய உரிமையாளருக்கே உரியது, காரோடு வராது. புதிய பாலிசிக்கு முன் நிறுவனம் காரைப் படமெடுத்து ஆய்வு செய்தால், அன்று பதிவாகும் பழைய சேதங்களுக்குப் பின்னாளில் இழப்பீடு கிடைக்காது.