தொண்டைக் கமறலும் வயிற்று நெருப்பும்

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் மார்கழி விடியலில் திருப்பாவையின் 30 பாசுரங்களையும் சேவிக்கும் கோஷ்டியில் அடியேனும் ஒருவன். சென்ற ஆண்டு புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் விஷ்ணு சகஸ்ரநாம பாராயணம் நடந்துகொண்டிருக்கையில் என் குரல் திடீரெனக் கரகரத்து அடங்கிப்போயிற்று. தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போன்ற உணர்வு. விழுங்கினாலும் இறங்கவில்லை, கனைத்தாலும் வெளிவரவில்லை.

சளி என்று எண்ணினேன். நாள்தோறும் படுக்குமுன் ஒரு தம்ளர் மிளகுப்பால் அருந்தினேன். மறுநாள் காலையில் கமறல் அதிகமாகவே இருந்தது. வாரங்கள் கடந்தன. காய்ச்சலில்லை, மூக்கடைப்பில்லை, குரல் மட்டும் திரும்பவில்லை. என் பெரியப்பா ஒருவர் தொண்டைப் புற்றுநோயால் காலமானவர். அந்நினைவு இரவுகளில் வந்து வாட்டியது. அச்சத்தை யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன்.

கண்டுபிடித்தவர் என் மனைவிதான். "என்னங்க, பேச்சுக்குப் பேச்சு கனைக்கிறீங்களே! பயந்துண்டு உட்கார்ந்திருந்தா வந்தது போயிடுமா?" என்று கேட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

கண்ணாடியில் தெரிந்தது

மருத்துவர் இளம்பெண். மூக்கின் வழியே கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, குரல்வளையைத் திரையில் காட்டினார். கட்டி எதுவுமில்லை. குரல்நாண்களின் பின்புறம் சிவந்து தடித்திருந்தது. போன உயிர் திரும்பியது எனக்கு. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் வியப்பளித்தது: "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க சார்?"

அர்த்தஜாம பூஜை கண்டு வீடு திரும்ப ஒன்பதரை ஆகும். பிறகு உணவு, அதன் மேல் மிளகுப்பால், பத்தேகாலுக்குப் படுக்கை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் பில்டர் காபி. விவரத்தைக் கேட்டு அவர் சிரித்தார். "சிவந்திருப்பதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், உங்க வழக்கத்தைப் பார்த்தால் வயிற்று அமிலம் மேலே வருதுன்னுதான் தோணுது" என்றார்.

"நெஞ்செரிச்சலே இல்லையே அம்மா?" என்று கேட்டேன். பலருக்கும் அப்படித்தான் என்று அவர் விளக்கினார்.

எதுக்களிப்பின் இயல்பு

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது அது திறந்து, பின் மூடிக்கொள்ளும். அது தளர்ந்தால், இரைப்பையிலுள்ள அமிலமும் பெப்சின் என்னும் செரிமானப் பொருளும் மேலெழும். இதையே நம் முன்னோர் எதுக்களிப்பு என்றனர். அமிலத்தைத் தாங்கும் வலிமை இரைப்பையின் உட்சவ்வுக்கு உண்டு. உணவுக்குழாய்க்கும் ஓரளவு உண்டு. குரல்வளையின் சவ்வோ மிக மென்மையானது. சிறிதளவு பட்டாலும் புண்படும். ஆகவே நெஞ்சு எரியாமலேயே தொண்டை கெடக்கூடும். காலைக் கரகரப்பு, ஓயாத கனைப்பு, வறட்டு இருமல், உருண்டை அடைத்த உணர்வு ஆகியன அதன் அடையாளங்கள்.

கனைப்பது இதமாகத் தோன்றினாலும் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி மேலும் வீங்கும். கனைக்கத் தோன்றும்போது ஒரு மிடறு வெந்நீர் அருந்தி விழுங்குவதே நல்லது.

கடைப்பிடித்த நியமங்கள்

மருந்தைவிட நியமமே முதன்மை என்றார் மருத்துவர். இரவு உணவை ஏழு மணிக்கு முடித்து, மூன்று மணி நேரம் கழித்தே படுக்கத் தொடங்கினேன். கோயிலுக்குப் போகுமுன்பே இரண்டு இட்லி. திரும்பிய பின் எதுவுமில்லை. இரவில் கிடைக்கும் புளியோதரையையும் வடையையும் கண்ணில் ஒற்றி, ஒரு விள்ளல் மட்டும் உண்டு, மீதியை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பிரசாதத்தின் பெருமை அளவில் இல்லையே!

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஆறு அங்குலம் உயர்த்தினோம். தலையணைகளை அடுக்குவது உதவாது. உடல் மடங்கி வயிறு அழுந்தும். இடப்பக்கமாகப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமையும். அமிலம் ஏறுவது குறையும். வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதையும் விட்டேன். காபி ஒரு வேளையானது. அதுவும் சிற்றுண்டிக்குப் பிறகே. ஏகாதசி உபவாசம் தடைப்படவில்லை. துவாதசிப் பாரணையில் மட்டும் ஒரேயடியாக உண்ணாமல் சிறிது சிறிதாக உண்டேன்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் காலை உணவுக்கு அரைமணி நேரம் முன் உட்கொள்ளச் சொன்னார். குறித்த காலத்துக்கு மேல் நாமாகத் தொடரலாகாது. நெடுநாள் உட்கொண்டால் வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியன குறையக்கூடும். இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும் அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்தும். அவற்றை நாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

அலட்சியம் கூடாத அறிகுறிகள்

கரகரப்பு மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் குரல்வளையைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல், கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதுவலி, இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதிக்கலாகாது. நெஞ்சில் அழுத்தம் ஏற்பட்டு, வியர்த்து, கை அல்லது தாடைக்கு வலி பரவினால் அதை வாயு என்று எண்ணாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நான் அஞ்சி வீணாக்கிய வாரங்களை வேறு எவரும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

வயிற்றில் உறையும் வைசுவாநரன்

கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில், உயிர்களின் உடலில் வைசுவாநரன் என்னும் நெருப்பாக இருந்து உணவைச் செரிப்பிப்பவன் தானே என்கிறான் கண்ணன். உண்டது செரித்ததறிந்து அளவோடு உண்பதைத் திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். இவற்றைப் பலமுறை படித்தவன்தான் நான். ஆயினும், அந்நெருப்புக்கு அகாலத்தில் ஆகுதி இட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்டை ஆற இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் முன்னரே கூறியிருந்தார். மார்கழி பிறந்தபோது கோஷ்டியில் வாய்மூடி அமர்ந்து கேட்டேன். கூடாரவல்லியன்று, இருபத்தேழாம் பாசுரத்தில், மெல்ல வாய் திறந்தேன். குரல் வந்தது, பழைய கனம் இல்லை, ஆனால் பிசிறில்லை. சேவித்து முடிந்ததும் நெய் மிதக்கும் அக்காரவடிசிலைத் தொன்னை நிறையக் கொடுத்தார் பட்டர். ஒரு வாய் மட்டும் உண்டு, மீதியை மனைவியிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.