டெங்கில்: தோட்டங்கள் மறைந்த நிலம்

சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங் மாவட்டத்தில், லங்காட் ஆற்றை ஒட்டி அமைந்தது டெங்கில் முக்கிம். அதனருகே, முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரிகள் 1921இல் தோற்றுவித்த ரப்பர்த் தோட்டத்தின் பெயர் பிராங் பெசார்; மலாய்மொழியில் அதற்குப் 'பெரும்போர்' என்பது பொருள். 1990களில் அந்நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசார், மெடிங்லி, கேலவே, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 2001 பிப்ரவரி 1இல் புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசமாகிச் சிலாங்கூரிலிருந்து பிரிந்தது.

மக்கள்தொகைக் கணக்கு எத்தனை பேர் என்று சொல்லும். எங்கிருந்து, ஏன் வந்தனர் என்று சொல்லாது. அதனை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது ஆசிரியரும் மாணவருமாகிய நம் கடமை.