நிழலை நிரப்பும் வெள்ளைப் பலகை

உச்சிவெயிலில் ஒருவரை நிறுத்திப் படம்பிடித்தால் கண்குழிகளும் மூக்கின் அடியும் கறுத்துப்போகும். நேரில் அவை அவ்வளவு கறுப்பாகத் தெரிவதில்லை. நம் கண் பார்க்கும் இடத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவோ காட்சி முழுவதையும் ஒரே ஒளியளவில் பதிவுசெய்கிறது. இந்த நிழலை நீக்க இன்னொரு விளக்கைத் தேடுவதே வழக்கம். ஒளியைத் திருப்பும் பலகையான ரிஃப்ளெக்டரை விளக்கு வாங்க முடியாதவர்களின் மாற்று ஏற்பாடு என்றும் நினைக்கிறார்கள். அது தவறு. நிழலை நிரப்பும் வேலைக்குப் பெரும்பாலும் விளக்கைவிட அதுவே பொருத்தமான கருவி.

முதன்மை ஒளியையே அது திருப்பி அனுப்புகிறது என்பதுதான் காரணம். வெள்ளைப் பலகையில் பட்டுவரும் ஒளி, நிறத்தில் மூல ஒளியோடு ஒத்துப்போகும். வெயில் மங்கினால் தானும் மங்கும். வெள்ளி முகப்பு ஒளியைச் சிதறவிடாமல் அனுப்புவதால் தொலைவிலும் எட்டும், ஆனால் கண் கூசும். தெர்மாகோல் எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் அருகில் வைக்க வேண்டும்; ஒளி மென்மையாக விழும். பரப்பு பெரிதாக ஆக மென்மையும் கூடும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காக (1956) காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதில் பாய்ச்சினார். திறந்த வானத்தின் ஒளியே முற்றத்தில் இறங்குவதாகத் தோன்றியது.

எல்.இ.டி. விளக்குகள் மலிந்த காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். நண்பகல் வெயிலோடு சிறிய எல்.இ.டி.யால் போட்டியிட முடியாது, வெயிலைத் திருப்பும் பலகையால் முடியும். எடிட்டிங்கில் நிழலை வெளுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வாதம். குறைவாகப் பதிவான ஒளியை உயர்த்தும்போது அதிலுள்ள புள்ளிகளும் கலங்கலும் சேர்ந்தே உயரும். கண்மணியில் இல்லாத ஒளிப்பொட்டு புதிதாக வந்துவிடாது. பலகை காற்றில் ஆடும் என்ற குறையில் நியாயம் உண்டு. புகைப்படத்தில் தெரியாத அசைவு வீடியோவில் முகத்தின்மேல் அலையும். ஆகவே ஸ்டாண்டில் இறுக்கி, மணல்மூட்டை வைக்க வேண்டும்.

நிழலை முழுதாக அழிப்பதும் நோக்கமல்ல. நிழல்பக்கத்தில், வெளிச்சம் விழும் பக்கத்தின் பாதி ஒளி இருந்தால் முகம் இதமாகத் தெரியும். எட்டில் ஒரு பங்கானால் காட்சி இறுக்கமாகும். பலகையை முகத்துக்குக் கீழே பிடிக்காமல், பக்கவாட்டில் முகத்தின் உயரத்துக்கு நிறுத்துங்கள். பிறகு மெல்ல அருகில் கொண்டுவந்து, நிழல்பக்கத்துக் கண் தெளிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.