கோத்தகிரி ஏற்றத்துக்கு நூறு வாட் போதும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். கோத்தகிரி சுமார் 1,800. நடுவில் ஏறக்குறைய 33 கிலோமீட்டர் மலைப்பாதை. இதை சைக்கிளில் ஏறினேன்னு சொன்னா எல்லாரும் கேட்கிறது, "கால் தாங்குச்சா?" கால் தாங்கும். முதலில் தீர்ந்துபோவது வேற ஒண்ணு.

நான், சைக்கிள், பை, தண்ணி எல்லாம் சேர்த்து 90 கிலோ. அதை 1,475 மீட்டர் மேலே தூக்க சுமார் 13 லட்சம் ஜூல் வேணும். கிலோகலோரியில் 310. அஞ்சாறு இட்லி சமாச்சாரம்! ஆனா உடம்பு எரிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகுது, மீதி வெப்பம். டயர் உராய்வையும் சேர்த்தா செலவு 1,500 கிலோகலோரியைத் தொடும்.

தசையும் ஈரலும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் தோராயமாக 2,000 கிலோகலோரி. மெதுவா மிதிச்சா உடம்பு கொழுப்பையும் கணிசமா எரிக்கும், இந்தச் சேமிப்பு நீடிக்கும். மூச்சு வாங்க மிதிச்சா செலவு பெரும்பாலும் கிளைக்கோஜன் கணக்கில்தான். அன்னைக்கு அடிவாரத்தில் என்னைத் தாண்டிப் பறந்த ஒரு பையனை அரவேணுவுக்குக் கீழே ஒரு வளைவில் பார்த்தேன். முகம் வெளுத்து, கை நடுங்க உட்கார்ந்திருந்தான். கடலை மிட்டாயும் ரெண்டு வாழைப்பழமும் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டான். அவன் காலில் ஒரு குறையும் இல்லை.

என் கணக்கு 100 வாட். இந்தச் சரிவில் அது மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம்தான் தரும். நாலு மணி நேரம் ஆகும். இங்கேதான் கியர் முக்கியம். முன்னால் 42 பல், பின்னால் 28 பல் இருக்கும் சைக்கிளில் இதே வேகத்துக்கு நிமிஷத்துக்கு 43 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏறுவது மாதிரி முழங்காலில் விழும். முன்னால் 28, பின்னால் 32ன்னா 74 சுற்று. வேலை அதேதான், பாரம் சின்னச் சின்னதா பிரிஞ்சுடுது. மலைக்குப் போறவங்க விலையுயர்ந்த சைக்கிளைவிட சின்ன முன்பல்சக்கரத்துக்குக் காசு செலவழிக்கலாம்கிறது என் கட்சி.

வெயிலுக்கு முன்னால் ஏறிடலாம்னு விடியுமுன் கிளம்பத் தோணும். வேண்டாம். குஞ்சப்பனை பக்கம் யானை நடமாட்டம் உண்டு, பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். எட்டு கிலோமீட்டர் வேகத்தில், ஏற்றத்தில், யானையிடமிருந்து தப்பிக்கவே முடியாது. நல்லா வெளிச்சம் வந்தபிறகு கிளம்பினேன். மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறைவதால் வெயில் அவ்வளவு படுத்தவில்லை.

இறங்கும்போது அதே 13 லட்சம் ஜூலும் திரும்ப வரும். நாலு லிட்டர் தண்ணியைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கும், மீதி பிரேக்குக்குத்தான். ரிம் பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே இறங்கினா ரிம் சூடேறி, டியூப்புக்குள் அழுத்தம் ஏறி வெடிச்சிடலாம். நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன்னால் ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுடணும். இடையிடையே நிறுத்தி ஆறவிடணும். ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீங்க. உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரிஞ்சிடும்.