டேமுக்குப் போலாம்... ‘சைட்’ அடிக்கலாம்!

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நீங்க எங்கே இருப்பீங்க? போர்வைக்குள்ளேதான்னு தெரியும். ஒரே ஒரு ஞாயிறு மட்டும் அலாரம் வெச்சு எழுந்திருங்க பாஸ்! ‘பூட்டு, பிரியாணி விட்டா நம்ம திண்டுக்கல்லுல என்னப்பா இருக்கு?’ன்னு கேன்டீன்ல உட்கார்ந்து அலுத்துக்கிற ஆளா நீங்க? அப்ப இந்த மேட்டர் உங்களுக்குத்தான்.

வத்தலக்குண்டு போற பஸ்ஸைப் பிடிச்சா செம்பட்டி வரும். அங்கேயிருந்து ஆத்தூர் பக்கம் திரும்பினா, பழனி மலைத்தொடரோட அடிவாரத்துல காமராஜர் அணை. திண்டுக்கல் டவுனுக்குக் குடிதண்ணி தர்ற அணை இது. நாலு பேரா பைக்ல போனா இன்னும் வசதி. போய்ச் சேர்ந்ததும் கத்தாதீங்க. செல்போனை சைலன்ட்ல போட்டுட்டு கரையில சும்மா உட்காருங்க. கொஞ்ச நேரத்துல ஒவ்வொருத்தரா என்ட்ரி கொடுப்பாங்க.

யார் யார் வருவாங்க?

தண்ணி ஓரத்துல மண்ணாங்கட்டி மாதிரி ஒண்ணு உட்கார்ந்திருக்கும். கிட்டே போனா ‘விருட்’டுனு வெள்ளைச் சிறகை விரிச்சுப் பறக்கும். அதுதான் மடையான். பட்டுப்போன மரத்துல ரெண்டு சிறகையும் விரிச்சுத் துணி காயப்போட்ட மாதிரி நிக்கிறது நீர்க்காகம். முங்கி முங்கி மீன் பிடிச்சதுல நனைஞ்ச சிறகைக் காய வெச்சுட்டிருக்கு. ‘இப்ப இங்கேதானே இருந்துச்சு!’ன்னு உங்களைத் தேடவிடுறது முக்குளிப்பான். வாயை மூடினாலும் அலகு நடுவுல இடைவெளி தெரியுதா? அது நத்தைகுத்தி நாரை. நத்தையைப் பிடிச்சு சதையை எடுக்கிறதுக்குன்னே அமைஞ்ச அலகு அது.

அக்டோபர்லேர்ந்து மார்ச் வரை வெளிநாட்டு கெஸ்ட்களும் தமிழ்நாட்டுக்கு வருவாங்க. வாலை ஆட்டி ஆட்டி நடக்கிற உள்ளான், நீலச்சிறகி வாத்து எல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வர்ற பார்ட்டிகள். சோளக்காட்டுப் பக்கம் சாயங்காலத்துல மேகம் மாதிரி திரண்டு சுழலுற சோளக்குருவிக்கு சொந்த ஊர் மத்திய ஆசியா. பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமலே வந்துட்டுப் போகுது!

‘நிறைய’ன்னா எத்தனை?

எந்த ஊர்க் கண்மாய்க் கரையிலயும் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்க. “அந்தக் காலத்துல நிறைய வரும் தம்பி, இப்பக் குறைஞ்சு போச்சு”ம்பார். நிறையன்னா எத்தனை? ஐம்பதா, ஐநூறா? யாரும் எழுதி வைக்கலையே! நாளைக்கு அந்தக் கண்மாய்ல குப்பை கொட்டினாலோ, வளைச்சுப் போட்டாலோ, ‘இங்கே என்ன இருந்துச்சு, எது போச்சு’ன்னு காட்ட நம்ம கையில கணக்கு இருக்காது. இங்கேதான் ஸ்டூடன்ட்ஸ் நீங்க தேவைப்படுறீங்க.

தென்னாப்பிரிக்காவுல 1992லேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை, கோடையிலயும் குளிர்லயும், தன்னார்வலர்கள் அணை அணையாப் போய் நீர்ப்பறவைகளை எண்ணுறாங்க. ஆசியாவுல 1987லேர்ந்தே ஜனவரி மாசத்துல நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. நம்ம தமிழ்நாட்டுல 2015லேர்ந்து பொங்கல் லீவு நாலு நாளும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ உண்டு. பிப்ரவரியில காலேஜ் வளாகத்துக்குள்ளேயே எண்ணுற ‘கேம்பஸ் பேர்ட் கவுன்ட்’டும் இருக்கு. உங்க ஹாஸ்டல் வேப்பமரமே போதும்!

எண்ணுறது எப்படி?

ரொம்ப சிம்பிள். குறைஞ்சது 15 நிமிஷம் ஒரே இடத்துல நில்லுங்க, இல்லேன்னா மெதுவா நடங்க. தேதி, நேரம், இடம், பார்த்த பறவை, எண்ணிக்கை... அஞ்சையும் குறிச்சுக்குங்க. ‘காக்கா, மைனாதானே’ன்னு விட்டுடாதீங்க, அதையும் எழுதணும். பேர் தெரியலையா? மெர்லின் ஆப் இலவசமா உதவும். லிஸ்ட்டை ‘ஈபேர்டு’ல ஏத்திட்டா, உலகம் முழுக்க இருக்கிற ஆராய்ச்சியாளர்களுக்கு அது பயன்படும். பைனாகுலர் ஒண்ணு கிடைச்சா மூணு பேர் மாத்தி மாத்திப் பார்க்கலாம்.

கண்டிஷனும் உண்டு. கூட்டுப் பக்கம் போகக் கூடாது. போட்டோவுக்காகக் கல்லை விட்டுக் கிளப்பவே கூடாது. தண்ணியில இறங்கி ஹீரோயிசம் காட்டுறது, பிளாஸ்டிக் போடுறது, ரெண்டுக்கும் தடா. அனுமதி இல்லாத இடத்துல கேட்டுட்டுப் போங்க.

‘நாம நாலு பேர் எண்ணி என்ன ஆகப்போகுது?’ன்னு தோணுதா? சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு. பக்கத்துல இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயந்துடக் கூடாதுன்னு தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்கிறது இல்லை. குழந்தைங்கள்லேர்ந்து பெருசுங்க வரை மொத்த ஊரும்! அவங்க ஒரு பண்டிகை சந்தோஷத்தையே விட்டுக்கொடுக்கிறாங்க. உங்ககிட்டே கேட்கிறது ஒரு ஞாயித்துக்கிழமைத் தூக்கம்தான்.

என்ன, அலாரம் வெச்சாச்சா?