சுக்கு பிஸ்கட்டில் ஓர் ஓட்டு வீடு

டிசம்பர் பிறந்ததும் படப்பையிலிருந்து ஒரகடம் வரை சாலையோரக் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். நடுவில் இருக்கும் எங்கள் சேரப்பணஞ்சேரியிலும் குடில் வைக்கிற வீடுகளில் வைக்கோலும் மரத்தூளும் தேட ஆரம்பிப்பார்கள். அந்தக் குடிலுக்குப் பக்கத்தில் தின்னக்கூடிய வீடு ஒன்றையும் கட்டி வைக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஐரோப்பாவில் அதை ஜிஞ்சர்பிரெட் வீடு என்கிறார்கள். சென்னையின் பெரிய நட்சத்திர ஓட்டல்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் முகப்பில் ஆள் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பெயரில்தான் பிரெட் இருக்கிறது. வீடு கட்டப் பயன்படுவது கெட்டியான பிஸ்கட். மைதா, வெல்லம் அல்லது தேன், கொஞ்சம் வெண்ணெய், சுக்கு, பட்டை, கிராம்பு, அவ்வளவுதான் சரக்கு. ஜிஞ்சர் என்ற சொல்லே நம் பக்கத்துச் சொல். இஞ்சி வேர் என்ற திராவிடச் சொல் பிராகிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் போய், லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆனது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். சொல் போன வழியில்தான் சரக்கும் போனது. மலபார்க் கரையில் ஏறிய மிளகும் சுக்கும் அரபிக்கடல் தாண்டி, வெனிஸ் வணிகர் கைமாறி, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தை அடைந்தன. அந்த நகரத்தைச் சுற்றியிருந்த காடுகளில் தேன் எடுப்பது பெருந்தொழில். தேனும் மசாலாவும் ஒரே சந்தையில் சேர்ந்ததால் அங்கே லெப்குஹன் என்ற மசாலா பிஸ்கட் புகழ்பெற்றது. 1643இல் அதைச் சுடுபவர்களுக்கென்றே தனிச் சங்கம் அமைந்தது. நார்வேக்காரர்கள் தங்கள் பிஸ்கட்டை இன்றைக்கும் மிளகு பிஸ்கட் என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். 2012 முதல் ஒரு ஜெர்மன் நிறுவனம் ஒரகடத்தில் லாரி செய்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கரைச் சரக்கு அவர்கள் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பிஸ்கட் வீடானதற்கு ஒரு கதை காரணம் என்பார்கள். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் ஹான்சல், கிரேட்டல் என்ற இரண்டு பிள்ளைகள் காட்டில் வழிதவறி, ரொட்டிச் சுவரும் கேக் கூரையும் சர்க்கரை ஜன்னலும் கொண்ட வீட்டைக் காண்கிறார்கள். கதை பரவப் பரவ ஜெர்மன் அடுப்புகளில் மசாலா பிஸ்கட் வீடுகளும் பெருகின. நார்வேயின் பெர்கன் நகரத்தில் 1991 முதல் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்மக்களும் சேர்ந்து பிஸ்கட்டில் ஒரு முழு ஊரையே கட்டிக் காட்சிக்கு வைக்கிறார்கள். வீடு, தேவாலயம், கப்பல், ரயில் எல்லாம் அதில் உண்டு. அவர்கள் தங்கள் ஊரையே கட்டுவதுதான் எனக்குப் பிடித்தது. நாமும் ஓடு வேய்ந்த கூரையும் திண்ணையும் வாசலில் கோலமும் உள்ள நம்மூர் வீட்டையே கட்டலாம். பனி மூடிய கூம்புக் கூரையைப் பார்த்துச் செய்யவேண்டிய அவசியம் இல்லை.

முதலில் வீடு நிற்க வேண்டும். மாவில் சோடா உப்பு கூடினால் பிஸ்கட் உப்பிச் சுவர் கோணலாகும். வெண்ணெய் கூடினால் உதிரும். ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, அட்டையில் வெட்டிய அளவை மேலே வைத்து நறுக்கிச் சுட வேண்டும். சூட்டில் மாவு கொஞ்சம் பரவிவிடும் என்பதால் வெளியே எடுத்தவுடன், இளகி இருக்கும்போதே, அட்டையைத் திரும்ப வைத்து ஓரங்களைச் சீவ வேண்டும். எங்கள் தெருவில், உலோகத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இது எங்க டிரிம்மிங்தானே அண்ணே" என்றார். சுவர்களைச் செங்குத்தாகப் பிடிக்க நாலு டம்ளரை உள்ளும் புறமும் அண்டக் கொடுத்தவரும் அவர்தான். "ஜிக் இல்லாம அசெம்பிளி பண்ணா எப்படி நிக்கும்?" என்று கேட்டார். ஜிக் என்பது பாகங்களை நகராமல் பிடித்து வைக்கும் தாங்கி. அவர் சொன்னது சரி. நாலு சுவரையும் ஒட்டி ஓர் இரவு காயவிட்ட பிறகே கூரையை ஏற்ற வேண்டும். அன்று மாலையே ஏற்றிய கூரை வழுக்கிக்கொண்டு இறங்கியதை எங்கள் வீட்டில் பார்த்தோம்.

அடுப்பு இல்லாதவர்கள் பக்கத்து பேக்கரியில் சொல்லிவைத்துச் சுட்டு வாங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் பிஸ்கட்டே போதும். ஒன்பது, பத்து பிஸ்கட்டில் ஒரு குட்டி வீடு எழும்பிவிடும்.

ஒட்டுவதற்கான சாந்து, முட்டையின் வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்தது. ஒரு முட்டையின் வெள்ளைக்கு ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை. அடிக்க அடிக்க வெள்ளைக்கருவின் புரதச் சுருள்கள் பிரிந்து, ஒன்றையொன்று பிடித்து வலைபோல் ஆகின்றன. நீர் ஆவியானதும் அந்த வலைக்குள் சர்க்கரை படிகமாகி இறுகுகிறது. பாத்திரத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் நுரை நிற்காது. சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை நிலைக்கும். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். பிள்ளைகள் தின்னப் போகிறார்கள் என்றால் கடையில் கிடைக்கும் வெள்ளைக்கருப் பொடியே நல்லது. சாந்தை ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள், சீக்கிரம் தோல் கட்டிவிடும்.

இனி அலங்காரம். இங்கேதான் நம்மூர் டிசம்பர் குறுக்கே வருகிறது. வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுவதும் ஓய்ந்திராத ஈரக்காற்றில் எல்லாமே நமுத்துப்போகும். எது தாங்கும், எது ஒழுகும் என்பதற்கு விடை சர்க்கரையின் உள்கட்டமைப்பில் இருக்கிறது. கல்கண்டில் மூலக்கூறுகள் செங்கல் அடுக்கியதுபோல் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. அந்த அடுக்குக்குள் நீர் எளிதில் நுழையாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால்தான் மேற்பரப்பு கரையத் தொடங்கும். ஆரஞ்சு மிட்டாய் வேறு வகை. பாகை 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சிச் சட்டென்று ஆறவிடும்போது மூலக்கூறுகளுக்கு ஒழுங்காக அமைய நேரம் கிடைப்பதில்லை. கலைந்தபடியே உறைந்துபோகின்றன. கண்ணாடியும் இப்படித்தான் உறைகிறது. இந்த நிலையில் இருக்கும் சர்க்கரை, குறைந்த ஈரத்தையும் உறிஞ்சும். உறிஞ்சினால் இளகிப் பிசுபிசுக்கும். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருப்பதால் அது இன்னும் வேகமாக ஈரம் இழுக்கும்.

இதைத் தெரிந்துகொண்டு பெட்டிக்கடைக்குப் போனால் ஒவ்வொரு ஜாடியும் ஒரு வேலைக்கு ஆகும். கல்கண்டு வாசற்படிக்கும் சுற்றுச்சுவரின் உச்சிக்கும். விளக்கு பட்டால் மின்னும். சூட மிட்டாயை அழுத்திச் செய்திருப்பதால் அதுவும் நன்றாகத் தாங்கும், தளம் பாவலாம். சீரக மிட்டாய் கூரை முகட்டுக்கு. விதையை உருட்டி உருட்டி, மெல்லிய பாகை மேலே பூசிப் பூசிக் காயவைத்துச் செய்யும் மிட்டாய் அது. ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் சோம்பு, சீரக வகைகளை இப்படியே சர்க்கரை பூசித் தின்றார்கள். கடலை மிட்டாய் மதில் சுவர்போலவே இருக்கும், ஆனால் வெல்லப்பாகு; கடைசி நாளில்தான் ஒட்ட வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மதிலுக்கு அதைவிட நல்ல கல் கிடைக்காது. ஜவ்வு மிட்டாயையும் தேன் மிட்டாயையும் கையிலேயே தின்றுவிடுங்கள். இரண்டு நாளில் அவை சுவரில் ஒழுகிக் கறை போடும்.

கூரைக்கு என் தேர்வு பொட்டுக்கடலை. தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி, இறவாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி வரிசை வரிசையாக, ஒரு வரிசையின் தலையை அடுத்த வரிசையின் கால் மூடும்படி ஒட்ட வேண்டும். நாட்டு ஓடு வேய்கிறவர்கள் செய்வதும் இதே முறைதான். வேலை மெதுவாக நடக்கும், பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பக்கக் கூரைக்கு ஒரு மணி நேரம் போகும். முடிந்தபின் தூர நின்று பார்த்தால் வெயிலில் பழுத்த பழைய ஓட்டு வீடேதான்.

ஜன்னல் கண்ணாடிக்குப் பாகு காய்ச்ச வேண்டும். பலகாரம் செய்கிறவர்களுக்குப் பதம் கைவந்த கலை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டினால் டங்கென்று சத்தம் வர வேண்டும், வளையாமல் உடைய வேண்டும். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் பாகு பூத்து வெளுக்காது. சுவரை நிறுத்துவதற்கு முன்பே, தட்டையாகக் கிடத்தி, அதில் வெட்டிய ஓட்டைக்குள் இதை ஊற்றினால் தெளிந்த கண்ணாடி. பாகின் சூடு தோலை உரித்துவிடும். ஊற்றுவது பெரியவர்கள் வேலை. உள்ளே சின்ன எல்இடி சரம் வைக்கலாம், மெழுகுவத்தி கூடவே கூடாது.

சுவரில் வரைவதுதான் எல்லாவற்றிலும் அழகு. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிச் சாந்தை அடைத்து, நுனியைச் சிறிதாக வெட்டினால் போதும். மருதாணிக் கூம்பு பிடித்த கை இதற்குத் தனியாகப் பழக வேண்டியதில்லை. பழுப்பு நிறச் சுவரில் வெள்ளைச் சாந்தால் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இழுத்தால், செம்மண் பூசிய சுவரில் மாக்கோலம் போட்டதுபோல் எழும்பி நிற்கும். கூம்பின் நுனி சுவரைத் தொடக்கூடாது. அரை அங்குலம் மேலே தூக்கிப் பிடித்து, நூல் விழுவதுபோல் சாந்தை விழவிட வேண்டும். வளைவு தானே அமையும். ஜெம்ஸ் மாதிரி வண்ண மிட்டாய்களைச் சாந்து ஈரமாக இருக்கும்போது பதித்தால் சாயம் ஊறிப் பரவும். தோல் கட்டுகிற நேரம் பார்த்துப் பதியுங்கள். அச்சு முறுக்கை வாசல் மேல் பூவாக வைக்கலாம், ஆனால் அதில் எண்ணெய் இருப்பதால் கடைசியில்தான். பொரிக்காத சக்கர அப்பளப்பூ நல்ல காற்றுப்போக்கி ஜன்னல் ஆகும். அதைத் தின்னக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எறும்பு வரும். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் வீட்டுப் பலகையை வைத்தால் வராது. இரவில் பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி மூடி வைத்தால் நமுப்பது குறையும்.

20ஆம் தேதி பிஸ்கட் சுடுங்கள். 21இல் சுவர், 22இல் கூரை, 23இல் ஓடும் கோலமும், 24 மாலை கடலை மிட்டாய் மதில். நள்ளிரவு ஆராதனை முடிந்து வருகிறபோது வீடு தயாராக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் புத்தாண்டுக்குள் தின்று முடித்துவிடுங்கள். இந்தக் காற்றில் அதற்கு மேல் சுவர் நிற்காது.