திறந்து கிடந்த கோப்பு

என் ராத்தா கொழும்பில் ஒரு காரியாலயத்தில் வேலை செய்கிறார். சென்ற பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் சரியில்லை. இரவு நாங்கள் இருவரும் தனித்திருந்தபோதுதான் விடயத்தைச் சொன்னார்.

காரியாலயக் கணினிகளில் புதிதாகச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை இணைத்திருக்கிறார்கள். அது கடிதம் எழுதித் தரும், நீண்ட அறிக்கைகளைச் சுருக்கித் தரும். கூட வேலை செய்யும் ஒருவர் அதனிடம், "இந்த வருடச் சம்பளம் பற்றி என்ன இருக்கிறது?" என்று விளையாட்டாகக் கேட்க, எல்லாருடைய சம்பள விபரமும் திரையில் வந்துவிட்டது. வாப்பாவின் சத்திரசிகிச்சைக்காக ராத்தா வாங்கிய முற்பணமும் அதில் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விடயம் அது.

"அந்த மெஷின் களவெடுத்திருக்கு புள்ள" என்றார்.

களவு நடக்கவில்லை என்பதுதான் வேதனை. மைக்ரோசொப்ட் 365 கோபைலட் போன்ற உதவியாளர்கள், கேள்வி கேட்பவருக்கு உள்ள அனுமதியைக் கொண்டே தேடுகின்றன. அவரால் திறக்க முடியாத கோப்பை அவையும் அவருக்குக் காட்டா. ஆகவே அந்தச் சம்பளப் பட்டியல் அவருக்கு முன்பிருந்தே திறந்துதான் கிடந்திருக்கிறது. அது அவருக்கே தெரியாது.

இது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு கோப்புக்கும் யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்றொரு பட்டியல் உண்டு. ஒரு கோப்புறைக்குக் கொடுத்த அனுமதி, அதற்குள் இடும் கோப்புக்கும் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். லீவு விண்ணப்பப் படிவங்கள் இருந்த பொதுக் கோப்புறையில் யாரோ அவசரத்துக்குச் சம்பளப் பட்டியலையும் போட்டு, எடுக்க மறந்திருக்கிறார்கள். ஆயிரம் கோப்புகளுக்கிடையில் அதைத் தேடிப் பிடிக்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. அதுவரை அதைக் காத்தது அந்தச் சோம்பல்தான். உதவியாளருக்குச் சோம்பல் கிடையாது.

இன்னொரு வகைக் கசிவும் உண்டு. 2023இல் சம்சுங் நிறுவன ஊழியர் சிலர் நிறுவனத்தின் இரகசிய மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டி உதவி கேட்டார்கள். அவ்வாண்டு மே மாதம் நிறுவனம் அத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. ஊழியரே கையோடு வெளியே கொண்டுபோனால் அனுமதிப் பட்டியலால் என்ன செய்ய முடியும்?

நமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேற்றப்பட்டது. தரவை வைத்திருப்பவரே அதைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. ராத்தா நிர்வாகத்துக்கு எழுதினார். அன்றே அந்தக் கோப்புறையைப் பூட்டினார்கள். பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

ராத்தா கொழும்புக்குத் திரும்பிய பிறகு, எங்கள் மாணவர் மன்றத்தின் கூகுள் ட்ரைவைத் திறந்து பார்த்தேன். ஆறு கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'பகிர்' என்பதை அழுத்தினேன். நான்கில் 'இணைப்பு உள்ள எவரும்' பார்க்கலாம் என்றிருந்தது. அவற்றில் ஒன்று, சுற்றுலாவுக்காகத் திரட்டிய பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் பிள்ளைகளின் நோய் விபரங்களும். சுற்றுலா போய் வந்து இரண்டு வருடமாகிறது. பொறுப்பாசிரியையிடம் கேட்டு அதை அழித்தேன். மற்ற மூன்றையும் பூட்டினேன்.